9000 என்ற எண்ணின் பூர்வீகம்

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை 2.50க்கு மதுரையில் போன் அடித்தால் ஒன்று துக்கச் செய்தி, இல்லையென்றால் பரோட்டாக் கடை. எனக்கு வந்தது பரோட்டாக் கடை.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு இரவுக் கடை. பதிமூன்று வருஷமாக எங்கள் பில்லிங் மென்பொருளில்தான் ஓடுகிறது. கல்லாவில் இருக்கும் தம்பி கடையை ஏறக்கட்டிவிட்டு அன்றைய கணக்கை எடுத்திருக்கிறான். ரிப்போர்ட்டில் 13,860 ரூபாய். கல்லாவில் எண்ணினால் 58,420.

"பணம் கூடத்தானே இருக்கு, நல்லதுதானே?" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லித் தொலைத்துவிட்டேன். கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், கல்லாவில் குறைவதைவிடக் கூடுவதுதான் மோசம். குறைந்தால் சில்லறை கொடுத்ததில் தவறு என்று சமாளிக்கலாம். 44,560 ரூபாய் கூடினால் பில் போடாமல் விற்றிருக்கிறான் என்றுதான் அர்த்தம். கல்லாவில் இருப்பதே இவ்வளவு என்றால் பைக்குள் போனது எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும். முதலாளி போனைக் கையில் வாங்கினார். "இவன் நாலு வருஷமா நம்ம கடையில இருக்கான் தம்பி. ஒரே வார்த்தைல சொல்லுங்க. மெஷின் தப்பா, பையன் தப்பா?"

மெஷினும் இல்லை, பையனும் இல்லை. நான். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடைக்கு ஒரு அப்டேட் அனுப்பியிருந்தேன்.

படுக்கையில் உட்கார்ந்தபடியே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, சனிக்கிழமைத் தேதி கொடுத்து ரிப்போர்ட்டை மறுபடி எடுக்கச் சொன்னேன். 58,424 வந்தது. நாலு ரூபாய் துண்டு விழுந்தது. நாலு ரூபாய்க்கு யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை.

நான் செய்த காரியம் இதுதான். எங்கள் சர்வரில் நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில், விநாடிக் கணக்கில் சேமிக்கப்படும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், அதாவது 19,800 விநாடி. ரிப்போர்ட் எடுக்கும் ஃபங்ஷனில் மட்டும் "நேரத்தோடு 9000ஐக் கூட்டு, பிறகு தேதியை எடு" என்று இருந்தது. 9000 விநாடி என்றால் இரண்டரை மணி. இரண்டரை மணி முன்னால் ஓடும் ஊர் எது? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. எவனோ அவசரத்தில் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டி 19800 ஆக்கினேன். மத்தியானம் சோதித்தேன். சரியாக வந்தது. மத்தியானம் 9000 கூட்டினாலும் 19,800 கூட்டினாலும் தேதி ஒன்றுதானே.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அதே ஃபைலில் நாற்பது வரி கீழே, பில்லில் அச்சாகும் தேதிக்கு, 19800 என்று ஒழுங்காகவே இருந்தது. ஒரே ஆள் ஒரே ஃபைலில் ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் பிசகாகவும் எழுதியிருக்கிறான் என்றால், பிசகு போலத் தெரிவது வேண்டுமென்றே எழுதியதாக இருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கு அப்போதே வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்ததும் வேறு வேலையைத் தொடவில்லை. இந்த 9000 எங்கிருந்து வந்தது?

புரோகிராம் கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு செய்தியோடு பதிந்து வைக்கும் கருவி கிட், அப்படிப் பதிந்த ஒரு மாற்றம்தான் கமிட். முதலில் எல்லாரும் போகும் வழி, அதிலுள்ள கிட் பிளேம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைக் கடைசியாகத் தொட்டவர் யார், எந்த கமிட் என்று காட்டும். காட்டியது. 2021இல் ஒரு கமிட், செய்தி "ஃபார்மேட்டிங்", மாறிய ஃபைல்கள் 214. கோடு முழுவதையும் ஒரே சீராக அடுக்கும் கருவியை ஒருநாள் ஓட்டியிருக்கிறோம். வீட்டுக்குக் கடைசியாக வெள்ளையடித்தவரிடம் வீட்டைக் கட்டியது யார் என்று கேட்ட மாதிரி.

பிளேமுக்கு -டபிள்யூ என்று சேர்த்தால் இடைவெளி மாற்றங்களைக் கண்டுகொள்ளாது. ஆனால் இந்தக் கருவி ஒரு நீள வரியை இரண்டாக உடைத்தும் இருந்தது, அதனால் முழுதாக உதவவில்லை. கிட் 2.23இல், 2019இல், இதற்கென்றே ஒரு வசதி வந்தது. ஒதுக்க வேண்டிய கமிட்களின் எண்களை ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால் பிளேம் அவற்றைத் தாண்டி அடுத்த ஆளைக் காட்டும். அந்த ஃபைலை '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற பெயரில் ரெப்போவில், அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கில், வைத்துவிட்டால் அதை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் அதுவாகவே எடுத்துக்கொள்ளும். நம் கணினியில் மட்டும் ஒரு தடவை கான்ஃபிக்கில் சொல்ல வேண்டும். 2021இலேயே செய்திருக்க வேண்டிய வேலை. இப்போது செய்தேன்.

வெள்ளை உதிர்ந்ததும் 2018இன் கமிட் ஒன்று வந்தது. செய்தி "கிளீனப்". நீக்கிய வரிகள் சிவப்பில், புது வரி பச்சையில். சிவப்பில் இரண்டு வரி. ஒன்று 19800ஐக் கூட்டியது. அடுத்தது 10800ஐக் கழித்தது. பச்சையில் ஒரே வரி, 9000.

19,800 கழித்தல் 10,800. ஒன்பதாயிரம். கணக்கு சுத்தம்.

10,800 விநாடி என்றால் மூன்று மணி நேரம். ஆக, இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு அதிலிருந்து மூன்று மணியைக் குறைத்திருக்கிறார்கள். ஞாயிறு அதிகாலை 2.59க்குப் போட்ட பில்லில் மூன்று மணி நேரம் கழித்தால் சனி இரவு 11.59, சனிக்கிழமைக் கணக்கு. 3.00க்குப் போட்டது ஞாயிறு. அதாவது இந்தக் கடைக்கு நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, விடியக்காலை மூன்று மணிக்கு மாறுகிறது. தூங்கா நகரத்தில் பன்னிரண்டு மணிக்கு நாளை முடித்தால் பாதி வியாபாரம் மறுநாளுக்குப் போய்விடும் என்பது, சொன்னால் புரிகிறது. எண்ணைப் பார்த்தால் புரியவில்லை. இரண்டு வரியாக இருந்தவரை இரண்டும் தனித்தனியே பேசின. கூட்டிக் கழித்து ஒன்றாக்கியதும் இரண்டும் ஊமையாகிவிட்டன.

அந்தச் சிவப்புப் பகுதியில் மூன்றாவதாக ஒரு வரியும் இருந்தது. ஒரு கமெண்ட், ஆனால் படிக்க முடியாத குப்பை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. அழிந்த கமெண்ட்தானே என்று அப்போதைக்குத் தாண்டிப் போனேன்.

2018இல் கிளீனப் செய்தவர் எங்கள் பழைய சீனியர், இப்போது கோயம்புத்தூரில். போன் செய்தேன். "நானா? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையே. ரெண்டு வரி எதுக்குன்னு ஒண்ணா ஆக்கிருப்பேன். அந்த கமெண்ட்டா? குப்பையா இருந்துச்சு, தூக்கிட்டேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எழுத்தைக் கூட்டினார், நான் அர்த்தத்தையே மாற்றினேன்.

சரி, 10800 எப்போது உள்ளே வந்தது? இதற்கு பிளேமைவிட நல்ல ஆயுதம் கிட் லாகில் இருக்கும் பெரிய எஸ். கிட் லாக் -எஸ்10800 என்று கொடுத்தால், அந்த எழுத்துச் சரம் ஒரு ஃபைலில் எத்தனை தடவை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்களை மட்டும் காட்டும். உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் அகப்படும். ஒரே ஃபைலுக்குள் இடம் மட்டும் மாறியிருந்தால் எண்ணிக்கை மாறாது என்பதால் காட்டாது. அதையும் பார்க்க வேண்டுமென்றால் பெரிய ஜி. அது மாறிய வரிகளிலேயே தேடும், ரெகுலர் எக்ஸ்பிரஷனும் எடுத்துக்கொள்ளும். முதலில் 9000ஐத் தேடித் தொலைத்தேன். மாதிரி பில் தொகை, போன் நம்பர் என்று எழுபது சொச்சம் கமிட் கொட்டியது. 10800 அப்படியில்லை, இரண்டே இரண்டு கமிட். ஒன்று அதை வெளியேற்றிய 2018. இன்னொன்று 2016இல், செய்தி "இனிஷியல் இம்போர்ட்".

அங்கே சுவர். 2016 வரை எங்கள் கோடு சப்வெர்ஷனில் இருந்தது, கிட் மாதிரியே மாற்றங்களைப் பதியும் பழைய கருவி. கிட்டுக்கு மாறியபோது யாரோ அன்றைய நிலையை மட்டும் நகலெடுத்து ஒரே கமிட்டாகப் போட்டுவிட்டார்கள். அதற்கு முன் நடந்ததெல்லாம் கிட்டைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

பழைய சப்வெர்ஷன் ஓடிய கணினி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அலுவலகத்தைப் பெருக்கும் அக்காதான், "யூபிஎஸ் மேசைக்குக் கீழ ஒண்ணு கெடக்கே, நான் அதுமேலதான வாளி வைப்பேன்" என்றார். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் செத்துப்போயிருந்தது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, டவுன் ஹால் ரோட்டில் 450 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கேசிங் வாங்கி அதில் மாட்டினேன். இரண்டு தடவை கிரீச் என்றது. மூன்றாவது தடவை டி டிரைவ் திறந்தது. சப்வெர்ஷன் ரெப்போ என்பது வெறும் ஒரு ஃபோல்டர்தான். முழுதாக என் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மூச்சு விட்டேன். இந்த மாதிரி டிஸ்க்கை நேரடியாகத் திறந்து வேலை பார்க்கும் தைரியம் எனக்குக் கிடையாது. நகல் முழுசா என்று எஸ்விஎன்அட்மின் வெரிஃபை ஓட்டிப் பார்த்தேன். 612 ரிவிஷனும் சேதமில்லாமல் இருந்தன. சப்வெர்ஷனில் கமிட்டுக்கு அதுதான் பெயர்.

இதை கிட்டுக்குக் கொண்டுவர கிட்-எஸ்விஎன் என்று தனியாக ஒரு பேக்கேஜ் நிறுவ வேண்டும். முதல் தடவை சின்ன -எஸ் கொடுத்து ஓட்டினேன், ஒன்றுமே வரவில்லை. அந்த -எஸ், ரெப்போவுக்குள் ட்ரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்று மூன்று ஃபோல்டர் இருக்கும் என்று நம்பித் தேடும். எங்கள் ஆட்கள் அந்த முறையெல்லாம் பார்க்காமல் எல்லாவற்றையும் நடுக்கூடத்தில் போட்டிருந்தார்கள். -எஸ் இல்லாமல் ஓட்டியதும் வந்தது. 612 ரிவிஷனிலும் எழுதியவர் பெயர் ஒன்றே: அட்மின். ஒரே லாகினை எல்லாரும் புழங்கியிருக்கிறோம். யார் எழுதினார் என்ற கேள்விக்கு அங்கேயே திரை.

அடுத்து இரண்டு வரலாற்றையும் ஒட்ட வேண்டும். பழைய கமிட்களைத் திருத்தி எழுதினால் எல்லா கமிட் எண்களும் மாறிவிடும், ஆளாளுக்குத் தலைவலி. கிட் ரிப்ளேஸ் --கிராஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. "இந்த இனிஷியல் இம்போர்ட் கமிட்டுக்குத் தகப்பன் இன்னார்" என்று சப்வெர்ஷனின் கடைசி கமிட்டைக் காட்டிவிட்டால் போதும். எண் எதுவும் மாறாமல் லாகும் பிளேமும் ஒட்டுப் போட்ட இடத்தைத் தாண்டி நடக்கும். ஒரு விஷயம், இந்த ஒட்டு நம் கணினியோடு நிற்கும். சாதாரணமாக புஷ் செய்தால் போகாது. ரெஃப்ஸ்/ரிப்ளேஸ் என்று சொல்லித் தனியாக அனுப்ப வேண்டும், மற்றவர்களும் அப்படிச் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

ஒட்டியும் பிளேம் எல்லா வரியையும் இனிஷியல் இம்போர்ட் தலையிலேயே கட்டியது. அரைமணி நேரம் ஒட்டுதான் சரியில்லை என்று நினைத்து அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். பிறகுதான் உறைத்தது, வரி முடிவுக் குறி. பழையது விண்டோஸில் எழுதியது, மாறும்போது லினக்ஸ் முறைக்கு ஆகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து எல்லா வரியிலும் மாறியிருந்தது. அந்த -டபிள்யூ இங்கே கைகொடுத்தது.

இன்னொரு வளைவும் இருந்தது. ஃபைலின் பெயர் இடையில் மாறியிருந்தது. கிட் பெயர் மாற்றத்தைத் தனியாகக் குறித்து வைப்பதில்லை. பார்க்கும்போது உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அதே ஃபைல் என்று ஊகிக்கும். பெயரை மாற்றிய அன்றைக்கே பாதிக்கு மேல் திருத்தியும் எழுதியிருந்ததால், பெயர் மாறினாலும் பின்தொடரும் --ஃபாலோ நின்றுவிட்டது. -எம்30% என்று அளவைத் தளர்த்தியதும் ஒத்துக்கொண்டது.

அப்புறம் வந்தது 2012இன் ரிவிஷன் ஒன்று. செய்தி, "நைட் கட்". மாற்றம் மூன்றே வரி. 19800, 10800, அப்புறம் அந்தக் குப்பைக் கமெண்ட்.

இந்தத் தடவை தாண்டிப் போகவில்லை, உட்கார்ந்து பார்த்தேன். எஃப், ஒய், அரைப்புள்ளி, ஒய், ஹெச். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடையில் எழுத்துரு இல்லாத கணினியில் பத்திரிகையைத் திறந்தால் இப்படித்தான் தெரியும். பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. பாமினியில் எஃப் அடித்தால் க, ஒய் அடித்தால் ல, அரைப்புள்ளி சேர்த்தால் ல், ஹெச் என்றால் கால். க, ல், லா. கல்லா.

யூனிகோடுக்கு மாற்றும் பக்கத்தில் அந்த வரியைப் போட்டேன்.

"கல்லா 3 மணி. பால் 3.30."

எழுதியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. பாமினி விசைப்பலகை கையில் பழகியவர், அவ்வளவுதான் நிச்சயம். தான் தமிழில் எழுதியது எல்லாருக்கும் தமிழாகவே தெரியும் என்று நம்பியிருக்கிறார். பாதி பதில் கிடைத்துவிட்டது. ஆனால் பில்லிங் மென்பொருளில் பால் எங்கே வந்தது?

இதற்கு எந்த ரெப்போவிலும் பதில் இல்லை. சாயங்காலம் கடைக்கே போனேன். முதலாளி வந்திருக்கவில்லை. கல்லாத் தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, அண்ணாச்சி மறுநாளே டீ வாங்கிக் குடுத்துட்டாரு" என்றான். பால் விஷயம் அவனுக்கும் தெரியவில்லை. உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டினான். முன்னாலே கல்லாவில் இருந்தவர், கண் மங்கியதும் உள்ளே வந்துவிட்டார்.

"அதுல என்னய்யா பெரிய ரகசியம்? ரெண்டு மணிக்குக் கடையச் சாத்துவோம். கல்லு கழுவி, மாஸ்டர்மாருக்கு அன்னாடம் பேட்டா குடுத்து அனுப்ப ரெண்டேமுக்கா ஆயிரும். அது அன்னைக்குக் கல்லாலருந்து போற காசு. மூணரைக்குப் பால் வந்துரும், காலை டீக்கு. அதுக்குக் காசு கையில குடுக்கணும். அது மறுநாள் செலவு. நடுவுல மூணு மணிக்குத்தான் கல்லால ஒருத்தரும் கைவைக்க மாட்டாங்க. பழைய முதலாளி அப்பவே சொல்லி வச்சதுதான்."

அந்த நாளின் கடைசிச் செலவுக்கும் அடுத்த நாளின் முதல் செலவுக்கும் நடுவில் முக்கால் மணி நேர இடைவெளி. அதற்குள் நாள் மாறுகிறது. இதைவிட நல்ல இடம் நான் யோசித்தாலும் வந்திருக்காது.

பில்லில் அச்சாகும் தேதி இதோடு சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிக்கு நாட்காட்டித் தேதிதான். மார்ச் 31 இரவு 12.10க்குப் போட்ட பில், கல்லாவுக்கு மார்ச், வரிக்கு ஏப்ரல், புது நிதியாண்டு. அதனால்தான் நாற்பது வரி கீழே 19800 தனியாக இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்த கை, முதல் தடவை என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது.

திருத்தம் சின்னது. 9000ஐ எடுத்துவிட்டு, இந்திய நேரத்துக்கு மாற்றுவதை நேர மண்டல லைப்ரரியிடம் விட்டேன். நாள் மாறும் நேரத்தைக் கடைக்குக் கடை மாற்றிக்கொள்ளும் ஒரு செட்டிங் ஆக்கி, அதற்குக் "கல்லா நாள்" என்றே பெயர் வைத்தேன். 2.59க்கு ஒரு பில், 3.00க்கு ஒரு பில் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் இரண்டு. கமிட் செய்தி மட்டும் பதினோரு வரி போனது. பேட்டா, பால், பெரியவர் சொன்னது எல்லாம் இருக்கிறது, யூனிகோடில். என்னோடு வேலை பார்க்கும் தம்பி படித்துவிட்டு, "என்னண்ணே, கமிட்ல கதை எழுதிருக்கீங்க?" என்றான்.

அதே ஃபைலைக் கிளறியபோது இன்னொன்றும் அகப்பட்டது. ஐந்து தேதிகள் அடுக்கிய ஒரு பட்டியல், அந்த நாட்களில் மட்டும் மூன்று மணிக்குப் பதில் ஏழு மணி. 2019 ஏப்ரல் 19, 2022 ஏப்ரல் 16, 2023 மே 5, 2024 ஏப்ரல் 23, 2025 மே 12. கமெண்ட் கிடையாது. சென்னையிலிருந்து எங்களோடு வேலை பார்க்கும் பெண், "இது பேங்க் லீவா?" என்று கேட்டாள். முதல் தேதியின் கமிட் செய்தியைத் திறந்தால் ஒரே சொல்: "அழகர்".

மதுரைக்காரனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தும் சித்திரைப் பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்கிய நாள். முந்தின நாள் தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை என்றால் அந்த இரவு முழுக்க ஜனம் தெருவில்தான். மூன்று மணிக்குக் கோரிப்பாளையத்தில் பரோட்டாக் கல் அணையாது, பேட்டா கொடுத்து அனுப்ப ஆளும் நகரமாட்டார்கள். 2019இல் எதிர்சேவை நடந்த ஏப்ரல் 18 அன்றே தேரோட்டம், அன்றே நாடாளுமன்றத் தேர்தல். மதுரையில் மட்டும் ஓட்டுப்பதிவை இரவு எட்டு மணிவரை நீட்டித்தார்கள். கமிட் முந்தின நாள், ஏப்ரல் 17 இரவு பத்தே காலுக்கு. யாரோ கடைசி நேரத்தில் நினைத்துக்கொண்டு ஓடிவந்து போட்டிருக்கிறார்கள். 2020, 2021 இரண்டும் இல்லாததற்குக் காரணம் கொரோனா. அந்த இரண்டு வருஷமும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை.

அந்தப் பட்டியலுக்கு மேலே ஒரு வரி கமெண்ட் எழுதினேன். பௌர்ணமியைக் கணக்குப் போட்டுத் தேதியை அதுவாகவே வரவைக்கலாமே என்று தம்பி கேட்டான். வேண்டாமென்றேன். பௌர்ணமிக்குச் சூத்திரம் உண்டு, 2020க்குச் சூத்திரம் கிடையாது. கோயிலில் திருவிழா அறிவிப்பு வந்ததும் ஆறாவது தேதியைக் கையால் சேர்க்கலாம்.